குளிர்ப் பிரதேசத்துக்குச் செல்லும் வண்டியின் உள்ளே ஈரப்பதன்

புத்தளம், கற்பிட்டி, முந்தல், உடப்பு, சிலாபம் ஆகிய இடங்களிலிருந்து நுவரெலியாவுக்குச் சுற்றுலா செல்லும் வான்களையும் பஸ்களையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றில் சென்றும் இருப்பீர்கள். தங்குமிடத்துக்குப் பணம் செலவிட விரும்பாத குழுவினர் சிலர் இரவில் வண்டிக்குள்ளேயே உறங்குவதுண்டு. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் அவ்வாறு உறங்கி எழுந்தால் விடியற்காலையில் ஒரு காட்சியைக் காணலாம். யன்னல் கண்ணாடிகளின் உட்புறத்தில் நீர் வழிந்துகொண்டிருக்கும். கூரைத் தகட்டிலிருந்து துளிகள் சொட்டும். கண்ணாடியோரம் படுத்தவரின் போர்வை நனைந்திருக்கும். "இரவு மழை உள்ளே வந்துவிட்டது" என்று யாராவது கூறுவார். ஆனால் மழை பெய்யவில்லை. வண்டியில் ஓட்டையும் இல்லை.

அப்படியானால் அந்த நீர் எங்கிருந்து வந்தது? அதைக் குறைக்க என்ன செய்ய வேண்டும்? என்ன செய்யவே கூடாது? ஈரப்பதன், ஆவியாதல், ஒடுங்கல், வெப்ப இடமாற்றம், தகனம் எனத் தனித்தனி அலகுகளில் நீங்கள் படிக்கும் விடயங்கள் யாவும் இந்த ஒரு வண்டிக்குள் ஒன்றுசேர்கின்றன. எனவே இதனைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் தெரிந்திருக்க வேண்டியவை

வளியில் எப்போதும் நீராவி கலந்துள்ளது. குறித்த ஒரு வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் வெளியில் இருக்கக்கூடிய நீராவியின் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை அடைந்த நிலையே நிரம்பிய நிலை எனப்படும். (வளி பஞ்சைப்போல நீராவியை உறிஞ்சி வைத்திருக்கின்றது எனச் சிலர் எழுதுவர். அது சரியன்று. எல்லையைத் தீர்மானிப்பது வெப்பநிலையே. எனினும் பேச்சு வசதிக்காக "வளி தாங்கும் நீராவி" என்று கூறுவதில் பெரிய தவறில்லை.)

ஒரு கன மீற்றரில் இருக்கக்கூடிய உயர்ந்தபட்ச நீராவியின் திணிவு பின்வருமாறு:

30 பாகை செல்சியசில் 30.4 கிராம்
25 பாகையில் 23.0 கிராம்
20 பாகையில் 17.3 கிராம்
15 பாகையில் 12.8 கிராம்
10 பாகையில் 9.4 கிராம்
5 பாகையில் 6.8 கிராம்
0 பாகையில் 4.8 கிராம்

இந்த எண்களை மனனம் செய்ய வேண்டியதில்லை. பரீட்சையில் தேவைப்பட்டால் தருவார்கள். ஆனால் அவை குறைந்து செல்லும் வேகத்தை அவதானியுங்கள். 30 பாகையிலிருந்து 5 பாகைக்கு வரும்போது எல்லை நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகின்றது.

வளியில் உண்மையாக உள்ள நீராவியின் திணிவை, அதே வெப்பநிலையில் நிரம்புவதற்குத் தேவையான திணிவால் வகுத்து நூற்று வீதமாக்கினால் கிடைப்பது சாரீரப்பதன். வளி குளிர்ந்துகொண்டே போக, அதிலுள்ள நீராவியால் அது நிரம்பலடையும் வெப்பநிலையே பனிபடுநிலை. பனிபடுநிலையை விடக் குளிர்ந்த எந்த மேற்பரப்பில் அவ்வளி பட்டாலும் மேலதிக நீராவி ஒடுங்கி நீராகும். கண்ணாடி, தகடு, கடையில் வாங்கிய குளிர்ந்த சோடாப் போத்தல் எதுவானாலும் விதி ஒன்றே.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் அதிகம். நீராவியைக் கூட்டாமலும் குறைக்காமலும் வளியைச் சூடாக்கினால் சாரீரப்பதன் மாறும், பனிபடுநிலை மாறாது. இந்த ஒரு வாக்கியத்தை நன்றாக விளங்கிக்கொண்டால் இக்கட்டுரையின் பாதி உங்களுக்கு விளங்கிவிட்டது.

நீர் வந்த இடம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் உள்ளது. 1,000 மீற்றர் உயரும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்று புவியியலில் படித்துள்ளீர்கள். அதன்படி கணித்தால் புத்தளத்துக்கும் நுவரெலியாவுக்கும் இடையே 12 பாகை வித்தியாசம் வரும். இரு இடங்களினதும் சராசரி வெப்பநிலைகளும் உண்மையில் ஏறத்தாழ அவ்வளவால்தான் வேறுபடுகின்றன. ஆனால் ஆண்டின் முதலிரு மாதங்களில் முகிலற்ற, காற்றற்ற இரவுகளில் அங்கு வெப்பநிலை சராசரியை விட வெகுவாக இறங்கி, புல்லின் மீதும் தேயிலைக் கொழுந்தின் மீதும் உறைபனி படிவதுண்டு.

இனி வானுக்கு வருவோம். அதன் உட்கனவளவு 10 கன மீற்றர் எனவும், புத்தளத்தில் நண்பகலில் கதவை மூடியபோது உள்ளே 30 பாகை வெப்பநிலையும் 75 வீத சாரீரப்பதனும் இருந்தன எனவும் கொள்வோம்.

ஒரு கன மீற்றரில் உள்ள நீராவி = 30.4 இன் 75 வீதம் = 22.8 கிராம்
10 கன மீற்றரில் = 228 கிராம்
5 பாகையில் 10 கன மீற்றரில் இருக்கக்கூடியது = 68 கிராம்
ஒடுங்கக்கூடியது = 228 – 68 = 160 கிராம்

அதாவது புத்தளத்துக் கடற்காற்றை அப்படியே அடைத்துக்கொண்டு மலையேறினாலும் வெளியே வரும் நீர் ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான். குருநாகலிலும் கண்டியிலும் தேநீருக்கு இறங்கி ஏறும்போது கதவு திறக்கப்படுவதால் அந்த வளியும் பெரும்பாலும் மாறியிருக்கும். ஆகவே "கடற்கரை ஈரத்தை வண்டி சுமந்து வந்தது" என்ற விளக்கம் போதாது.

இப்போது உள்ளே உறங்குவோரைக் கணக்கிடுவோம். ஓய்வாக இருக்கும் ஒருவர் சுவாசத்தாலும் தோலாலும் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 40 கிராம் நீராவியை வெளிவிடுகிறார். 10 பேர் 8 மணித்தியாலம் உறங்கினால்:

40 × 10 × 8 = 3,200 கிராம்

இது 3.2 லீற்றர் நீர். ஒன்றரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டை எடுத்து வண்டிக்குள் தெளித்ததற்குச் சமம். கண்ணாடியில் வழிவது ஊரிலிருந்து வந்த ஈரமன்று. உறங்கியவர்களின் மூச்சும் வியர்வையுமே. சீதா எலிய பக்கம் நீரோடையில் குளித்துவிட்டு ஈரத் துவாயை இருக்கையின் பின்புறத்தில் தொங்கவிட்டிருந்தால், துவாய் காலையில் காய்ந்திருக்கும்; அதிலிருந்த நீர் முழுவதும் கண்ணாடிக்கு இடம்மாறியிருக்கும்.

ஏன் கண்ணாடியிலும் கூரையிலும்?

உள்ளே இருக்கும் மேற்பரப்புகளுள் எது மிகக் குளிர்ந்ததோ அதில்தான் ஒடுங்கல் முதலில் நிகழும். கண்ணாடி மெல்லியது, வெளிப்புறக் குளிரை உட்புறத்துக்கு விரைவாகக் கடத்திவிடும். உலோகம் அதைவிட நன்கு கடத்தும். இருக்கையின் துணியும் பஞ்சும் வெப்பக் காவலிகள். எனவே அவற்றின் மேற்பரப்பு உள்வளியின் வெப்பநிலைக்கு அண்மையாகவே இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. தெளிந்த இரவில் வண்டியின் கூரை வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசி, சூழவுள்ள வளியை விடவும் குளிர்ந்துவிடுகின்றது. வெப்பமானியில் வளியின் வெப்பநிலை 3 பாகை என்று காட்டும்போதே வண்டியின் கூரை மேல் வெண்ணிற உறைபனி படிந்திருப்பது இதனாலேயே. முகில் மூடிய இரவில் முகில்கள் கதிர்ப்பின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குளிராது. மரத்தின் கீழோ கொட்டகையின் கீழோ நிறுத்திய வண்டி திறந்த வெளியில் நிறுத்திய வண்டியை விடக் குறைவாக நனைவதும் இதே காரணத்தால்தான். மரத்தின் கீழ் நிறுத்துவது செலவில்லாத வழியாகும். கிளை முறிந்து விழக்கூடிய மரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சூடாக்கினால் தீருமா?

"உள்ளே சூடாக்கிவிட்டால் ஈரம் போய்விடும்" என்பது பலரது விடை. கணித்துப் பார்ப்போம். உள்வளி 15 பாகையில் 80 வீத சாரீரப்பதனுடன் இருக்கின்றது என்க. ஒரு கன மீற்றரில் 10.2 கிராம் நீராவி உள்ளது. பனிபடுநிலை 11 பாகைக்குச் சற்று மேல். கண்ணாடியின் வெப்பநிலை 7 பாகை. எனவே கண்ணாடி நனையும்.

இப்போது வளியை 25 பாகைக்குச் சூடாக்குவோம். சாரீரப்பதன் 10.2 ஐ 23.0 ஆல் வகுக்க 44 வீதமாகக் குறைகின்றது. உள்ளே இருப்பவர்களுக்கு உலர்ந்ததுபோல் தோன்றும். ஆனால் நீராவி அதே 10.2 கிராம், பனிபடுநிலையும் அதுவே. கண்ணாடி சற்று வெப்பமடையும். 11 பாகையைத் தாண்டாதவரை அதில் நீர் படிந்துகொண்டே இருக்கும். அது மட்டுமன்று, வெதுவெதுப்பான வளி ஈரமான துணிகளிலிருந்து மேலும் நீரை ஆவியாக்கிக் கண்ணாடிக்குக் கொண்டுபோகும். சூடாக்கல் நீரை இடம்மாற்றுகின்றது. வண்டியை விட்டு வெளியேற்றுவதில்லை.

யன்னலைத் திறந்தால்?

வெளியே மூடுபனி. சாரீரப்பதன் 100 வீதம். அந்த ஈர வளியை உள்ளே விட்டால் ஈரம் கூடாதா? பெரியவர்களே தவறாக விடை கூறும் வினா இது.

வெளிவளி 5 பாகையில் முழுதாக நிரம்பியிருந்தாலும் ஒரு கன மீற்றரில் உள்ள நீராவி 6.8 கிராம்தான். அது உள்ளே வந்து உடல்களின் வெப்பத்தால் 15 பாகையை அடைந்ததும் அதன் சாரீரப்பதன் 6.8 ஐ 12.8 ஆல் வகுக்கக் கிடைக்கும் 53 வீதம். அதாவது மூடுபனி வளி உள்ளே நுழைந்ததும் உலர்ந்த வளியாகிவிடுகின்றது. அது உள்ளிருக்கும் நீராவியை ஏற்றுக்கொண்டு வெளியேறும். குளிர்ந்த வளி, அதன் சாரீரப்பதன் எவ்வளவாக இருந்தாலும், வெப்பமான உள்ளிடத்தை உலர்த்தும்.

எவ்வளவு வளி தேவை? 10 பேர் மணித்தியாலத்துக்கு 400 கிராம் நீராவியை விடுகின்றனர். உள்ளே 10.2 கிராமுக்கு மேல் ஏறாதிருக்க வேண்டுமெனின் ஒவ்வொரு கன மீற்றர் வெளிவளியும் 10.2 – 6.8 = 3.4 கிராமைத்தான் வெளியே கொண்டுபோக முடியும். 400 ஐ 3.4 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 118 கன மீற்றர். வானின் வளி முழுவதும் மணித்தியாலத்துக்கு 12 தடவைகள் மாற வேண்டும். இதுவும் கண்ணாடியை முற்றாக உலர வைக்காது. போர்வை நனையாமல் காப்பாற்றும்.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் தெரிகின்றன. ஒன்று, 10 பேர் உறங்கும் வானை முற்றாக உலர்ந்த நிலையில் வைத்திருக்க முடியாது. மற்றையது, ஒரு யன்னலைச் சிறிது திறப்பது போதாது. எதிரெதிரான இரு யன்னல்களையாவது இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்து, வளி ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறச் செய்ய வேண்டும். குளிருக்குக் கம்பளியால் விடை காண வேண்டும். யன்னலை அடைப்பதால் அன்று. படிந்த நீரை அவ்வப்போது துணியால் துடைத்து, அத்துணியை வெளியே பிழிந்துவிடுவதும் நல்லது. துடைத்த துணியை உள்ளேயே போட்டுவைத்தால் துடைத்த பயன் இல்லை.

உள்ளே அடுப்பு மூட்டக் கூடாது

இப்பகுதியை மெதுவாக வாசியுங்கள். பரீட்சைக்கு மட்டும் உரியதன்று.

குளிர் தாங்க முடியாமல் சிலர் சிறிய எரிவாயு அடுப்பை அல்லது கரிச் சட்டியை வண்டிக்குள் வைப்பர். முதலில் ஈரத்தைப் பார்ப்போம். சமையல் வாயுவில் உள்ள புரொப்பேனின் ஒரு மூல் முற்றாக எரியும்போது மூன்று மூல் காபனீரொட்சைட்டும் நான்கு மூல் நீரும் உண்டாகும். புரொப்பேனின் ஒரு மூல் 44 கிராம்; நான்கு மூல் நீர் 72 கிராம். எனவே 100 கிராம் புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 164 கிராம் நீராவி வண்டிக்குள் சேரும். பியூற்றேனுக்கும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். எரித்த வாயுவை விட உண்டாகும் நீர் அதிகமாக இருப்பதைப் பார்த்து வியக்க வேண்டாம். ஒட்சிசன் வளியிலிருந்து சேர்கின்றது.

ஆனால் ஈரம் இங்கு சிறிய பிரச்சினை. மூடிய வண்டிக்குள் ஒட்சிசன் குறையக் குறையத் தகனம் குறைத்தகனமாகிக் காபனோரொட்சைட்டு உண்டாகும். கரி எரியும்போது தொடக்கத்திலிருந்தே அது உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் அதிகமான நாட்டத்துடன் இணைகின்றது. தலையிடியும் சோர்வும் வரும். உறங்குபவருக்கு அவையும் தெரியாது. அவர் எழுவதில்லை. எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடிகளை மூடிக்கொண்டு உறங்குவதிலும் இதே ஆபத்து உண்டு. புகைபோக்கியில் சிறு வெடிப்பு இருந்தாலும், வண்டி சுவரோரம் நிறுத்தப்பட்டிருந்தாலும் புகை உள்ளே வரலாம். உங்கள் குழுவில் வயதில் மூத்த ஒருவர் அடுப்பை உள்ளே கொண்டுவந்தாலும் இதனை எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டாம். "வெளியே வைத்துத் தேநீர் போடுவோம், சாச்சா" என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

உப்பை வைத்தால் ஈரம் போகுமா?

எங்கள் மாவட்டத்தில் இந்த வினா எழாமல் இராது. பாலாவி உப்பளங்களைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு உப்பு நீரை உறிஞ்சும் என்பது தெரிந்ததே. மழைக்காலத்தில் உப்புச் சாடியின் அடியில் நீர் ஊறுகின்றது அல்லவா?

தூய சோடியம் குளோரைட்டு, வளியின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் மட்டுமே நீராவியை உறிஞ்சிக் கசிந்து கரையும். அதற்குக் கீழ் அது உறிஞ்சுவதில்லை; ஈரமாக இருந்த உப்பும் காய்ந்துவிடும். ஆனால் மகனீசியம் குளோரைட்டு 33 வீதத்திலேயே உறிஞ்சத் தொடங்குகின்றது. உப்பளத்தில் முதலாம் தடாகத்தில் கல்சியம் காபனேற்றும், இரண்டாவதில் கல்சியம் சல்பேற்றும், மூன்றாவதில் சோடியம் குளோரைட்டும் படிவதைப் படித்துள்ளீர்கள். அறுவடை செய்த உப்பை மாதக்கணக்கில் குவித்து வைப்பதற்கான காரணம் இப்போது தெளிவாகும். அதில் ஒட்டியுள்ள மகனீசியம் உப்புகள் ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து வடிந்துபோக, எஞ்சும் உப்பு உலர்ந்ததாகவும் கசப்புக் குறைந்ததாகவும் இருக்கும்.

வானுக்குள் ஒரு கிண்ணம் கறியுப்பு வைப்பதால் பயன் மிகச் சிறிதே. சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும்வரை அது ஒன்றும் செய்யாது. தாண்டிய பின்னரும் மிக மெதுவாகவே உறிஞ்சும். கடைகளில் "ஈரம் உறிஞ்சி" என்று விற்கப்படும் டப்பாக்கள் பலவற்றில் இருப்பது கல்சியம் குளோரைட்டு. அது ஏறத்தாழ 30 வீதத்துக்கு மேல் உறிஞ்சும். மூடிய அலுமாரிக்கு அது பொருத்தமானது. மணித்தியாலத்துக்கு 400 கிராம் நீராவி சேரும் இடத்துக்கு அல்ல.

சாரதியின் கண்ணாடி

விடியற்காலையில் புறப்படும்போது முன் கண்ணாடியின் உட்புறம் மீண்டும் மங்கும். இறம்பொடைப் பக்கம் வளைந்து வளைந்து இறங்கும் வீதியில் இது உயிராபத்தானது. கையால் துடைப்பது சில நொடிகளுக்கே உதவும். சரியான முறை இதுதான்: உள்வளியையே மீண்டும் மீண்டும் சுழற்றும் அமைப்பை நிறுத்தி, வெளிவளியை உள்ளே எடுக்க வேண்டும். ஏ.சி. உள்ள வண்டியாயின் குளிர்நாளிலும் அதனை இயக்கி, சூடான வளியுடன் சேர்த்து முன் கண்ணாடியை நோக்கி விட வேண்டும். ஏ.சி.யின் குளிர்ந்த குழாய்களில் நீராவி ஒடுங்கி வண்டியின் அடியில் சொட்டுச் சொட்டாக வெளியேறும். பின்னர் சூடாகும் அவ்வளியின் பனிபடுநிலை குறைந்திருப்பதால் கண்ணாடி தெளியும். மேலே நாம் பார்த்த "சூடாக்கல் மட்டும் போதாது" என்பதை இங்கே ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கு நீர் உண்மையிலேயே வண்டியை விட்டு வெளியேறுகின்றது.

குளிர் நாடுகளில்

எமது மாவட்டத்தில் வென்னப்புவவிலிருந்து இத்தாலிக்குச் சென்றோர் பலர். வடக்கிலிருந்து கனடாவுக்கும் நோர்வேக்கும் சென்ற தமிழர்களும் பலர். அந்நாடுகளில் கரவன் எனப்படும், சக்கரங்களின் மேல் அமைந்த சிறு வீடுகள் உண்டு. படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் அதற்குள்ளேயே. கோடையில் அதில் சுகமாகப் பயணம் செய்பவர்கள், வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கிய இடத்துக்கு அதைக் கொண்டுசெல்லும்போது எமது வானில் நடந்ததுதான் அங்கும் நடக்கும்; ஒரே இரவில் அல்லாமல் வாரக்கணக்கில். கண்ணாடியில் படிந்த நீர் உறைந்து பனிக்கட்டியாகும். மெத்தையின் அடியிலும் அலுமாரியின் பின்புறத்திலும் வளி அசையாத மூலைகளில் பங்கசு வளரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதன் வித்திகள் தொல்லை தரும். மரச்சட்டங்கள் உக்கும்.

அங்குள்ளோர் கையாளும் வழிகளை நீங்களே ஊகிக்கலாம். பானையை மூடிச் சமைப்பார்கள். குளிக்கும்போது கூரையிலுள்ள விசிறியை இயக்கி நீராவியை உடனே வெளியேற்றுவார்கள். துணியை உள்ளே காயப்போட மாட்டார்கள். மெத்தையின் கீழ் இடைவெளியுள்ள பலகைகளை அமைப்பார்கள். கண்ணாடியை இரட்டையாக்கி நடுவில் வளியை அடைப்பார்கள். அசையாத வளி நல்ல காவலி என்பதால் உட்கண்ணாடி பனிபடுநிலைக்கு மேலேயே இருக்கும். உட்புறச் சாரீரப்பதனைப் பொதுவாக 30 முதல் 50 வீதத்துக்குள் வைத்திருக்க முயல்வார்கள்.

அங்கு மறுபக்கப் பிரச்சினையும் உண்டு. பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையில் ஒரு கன மீற்றரில் இருக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 0.9 கிராம்தான். அவ்வளியை உள்ளே எடுத்து 20 பாகைக்குச் சூடாக்கினால் சாரீரப்பதன் 5 வீதம். உதடு வெடிக்கும், தொண்டை வறளும். காற்றோட்டத்தைக் கூட்டினால் வறட்சி, குறைத்தால் ஈரம். இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும்.

கற்பிட்டி மீன் லொறி: தலைகீழான நிலை

கற்பிட்டியிலிருந்து பேலியகொடைச் சந்தைக்கு மீன் ஏற்றும் குளிரூட்டி லொறியைக் கவனியுங்கள். இங்கு உள்ளே குளிர், வெளியே வெப்பம். உள்ளே பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை எனின் ஒரு கன மீற்றரில் இருக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 1 கிராம். வெளியே, முன்னர் நாம் கண்ட 22.8 கிராம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மீன் ஏற்றும்போது நுழையும் ஒவ்வொரு கன மீற்றர் கடற்காற்றும் 20 கிராமுக்கு மேற்பட்ட நீரை உள்ளே விட்டுச் செல்கின்றது. அது குளிராக்கும் குழாய்களின் மீது வெண்பனியாகப் படியும். படிந்த பனி காவலியாகத் தொழிற்படுவதால் குழாய்களால் வெப்பத்தை உறிஞ்ச முடியாது. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், மீனின் வெப்பநிலையோ ஏறிக்கொண்டிருக்கும். இரவெல்லாம் கடலில் நின்றவரின் உழைப்பு சந்தையில் பாதி விலைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

எனவே வானுக்குக் கூறிய பரிகாரம் லொறிக்குப் பொருந்தாது. வானில் வெளிவளியை உள்ளே விட வேண்டும். லொறியில் அதனைத் தடுக்க வேண்டும். கதவில் பிளாத்திக்குப் பட்டிகளைத் திரையாகத் தொங்கவிடுவதும், ஏற்றும் நேரத்தைக் குறைப்பதும், இடையிடையே பனியை உருக்கி வெளியேற்றுவதும் அதற்கான வழிகள். இரண்டு இடங்களிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எந்தப் பக்கத்து வளியில் ஒரு கன மீற்றருக்கு நீராவி அதிகம்? சாரீரப்பதனை மட்டும் ஒப்பிடுபவர் இங்கே தவறிவிடுவார்.

பயிற்சி

1. 25 பாகை செல்சியசில் உள்ள வகுப்பறையொன்றின் வளியில் ஒரு கன மீற்றருக்கு 17.3 கிராம் நீராவி உள்ளது. மேலே தரப்பட்ட பெறுமானங்களைப் பயன்படுத்துக.
(அ) சாரீரப்பதன் யாது?
(ஆ) பனிபடுநிலை யாது?
(இ) அவ்வளி 10 பாகைக்குக் குளிர்ந்தால் ஒரு கன மீற்றரிலிருந்து ஒடுங்கும் நீரின் திணிவு யாது?

விடை: (அ) 17.3 ஐ 23.0 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்க ஏறத்தாழ 75 வீதம். (ஆ) 20 பாகை. ஏனெனில் அவ்வெப்பநிலையில் 17.3 கிராம் நிரம்பிய அளவாகும். (இ) 17.3 – 9.4 = 7.9 கிராம்.

2. பளபளப்பான உருக்குக் குவளை, நீர், ஐஸ் துண்டுகள், வெப்பமானி ஆகியன தரப்பட்டுள்ளன. உங்கள் வீட்டு முற்றத்து வளியின் பனிபடுநிலையை அண்ணளவாகக் காணும் முறையை விபரிக்குக. ஐஸைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்குவதன் அவசியத்தையும், மங்கல் தோன்றும் வெப்பநிலையுடன் அது மறையும் வெப்பநிலையையும் குறித்துச் சராசரி காண்பதன் நோக்கத்தையும் விளக்குக.

3. குளிரூட்டி லொறியிலிருந்து இறக்கிய மீன் பெட்டியின் வெளிப்புறம் சிலாபத்தில் நனைந்தது. அதே பெட்டி நுவரெலியாவின் அதிகாலையில் இறக்கப்பட்டபோது மிகக் குறைவாகவே நனைந்தது. நுவரெலியாவில் அப்போது சாரீரப்பதன் கூடுதலாக இருந்தது. இம்முரண்பாட்டை விளக்குக.